துரையின் மார்பளவு

இஞ்சுடேப்பை அவிழ்த்து மறுபடியும் சுற்றிப் பார்த்தார் தையல்காரர். அளவு மாறவில்லை. துரையின் மார்பு போன வாரத்தைவிடச் சுருங்கித்தான் இருந்தது.

"நெஞ்சை நிமித்துடா," என்றார்.

துரை நிமிர்த்தவில்லை. துரை என்பது ஒரு செம்மறிக் கிடா. பழுப்புத் தலை, வெள்ளை உடம்பு. அவருடைய சட்டை நுனியை ருசி பார்த்துவிட்டு, பிடிக்காமல் விட்டுவிட்டது.

துரை அவர் மனைவியின் செல்லம். மகளின் பிரசவத்துக்காக அவள் வெளியூர் போயிருந்தாள். திரும்பி வந்ததும் கால்நடைக் கண்காட்சி. ஒரு வயதுக் கிடாக்களில் வளர்ச்சிக்கான பரிசு துரைக்குத்தான் என்று தெருவே பேசிக்கொண்டிருந்தது.

கிளம்பும்போது அவள் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "புல்லு முதல்ல, தீவனம் அப்புறம். கூட்டறதா இருந்தா கைப்பிடி கைப்பிடியாக் கூட்டுங்க."

தையல்காரர் அப்போது ஒரு காலர் தைத்துக்கொண்டிருந்தார். தலையை மட்டும் ஆட்டிவைத்தார். அதுவரை துரையின் முகத்தை அவர் ஏறெடுத்துப் பார்த்ததுகூட இல்லை. ஆனால் உள்ளுக்குள் ஒரே பூரிப்பு. கல்யாணமான நாளிலிருந்து அடுப்பில் வைத்த பாலைக்கூட அவரை நம்பி விட்டுப் போகாதவள், துரையையே விட்டுப் போயிருக்கிறாளே!

அந்தத் துரைதான் இப்போது இளைத்துக்கொண்டிருந்தது. அவர் நேராகத் தீவனக் கடைக்கு ஓடினார்.

"புல்லு மட்டும் போட்டா எப்படிண்ணே வளரும்?" என்றார் கடைக்காரர். "உடம்பு ஏறணும்னா சத்து வேணும். மக்காச்சோளம், கடலைப் புண்ணாக்கு, தவிடு, தாது உப்பு. இதைப் போட்டுப் பாருங்க, நீங்க டேப்பை மாத்த வேண்டி வரும்."

"எவ்வளவு போடணும்?"

"கொஞ்சமா ஆரம்பிச்சு..."

அதற்குள் தையல்காரர் மூட்டையோடு தெருமுனைக்குப் போய்விட்டார். வீட்டுக்கு வந்ததும் ஒரு பெரிய பேசின் நிறையக் கலந்து வைத்தார். துரை மூச்சுவிடாமல் தின்றது. மனம் குளிர்ந்துபோய் இன்னொரு பேசின் வைத்தார்.

சாயங்காலம் மார்பளவு அப்படியே இருந்தது. வயிற்றளவுதான் டேப்பைத் தாண்டிவிட்டது. துரை கால்களைப் பரப்பிக்கொண்டு பல்லை நறநறவென்று கடித்தது.

கால்நடை டாக்டர் அம்மா வந்து வயிற்றைத் தட்டினார். மத்தளம் மாதிரிச் சத்தம் வந்தது.

"என்ன கொடுத்தீங்க?"

"சத்து, டாக்டர்."

"ஆட்டு வயித்துக்குள்ள கோடிக்கணக்கான நுண்ணுயிர் இருக்கு. புல்லைச் செரிக்கவைக்கிறதே அதுங்கதான். புதுத் தீவனம்னா பழகறதுக்கு அதுங்களுக்கு நாள் வேணும். நீங்க பாட்டுக்கு ஒரேயடியா தானியத்தைக் கொட்டினா உள்ள புளிச்சுப்போகாதா?"

"அவங்ககிட்ட நான் மன்னிப்புக் கேட்டதாச் சொல்லுங்க, டாக்டர்."

டாக்டர் சோடா மாவைக் கரைத்துப் புகட்டினார். மருந்தும் கொடுத்தார். "கொஞ்ச நாளைக்குக் காய்ஞ்ச புல்லு மட்டும். அப்புறம் மெல்ல மெல்லத் தீவனத்துக்கு வாங்க."

துரை பிழைத்தது. ஆனால் தையல்காரர் தீவன மூட்டையைக் கட்டிப் பரண்மேல் தூக்கிப் போட்டுவிட்டார். "மெல்ல மெல்ல" என்ற பேச்சை மறந்தார்; "காய்ஞ்ச புல்லு" மட்டும் நினைவில் நின்றது. பயத்தில் அதையும் எண்ணி எண்ணிப் போட்டார். துரையின் விலா எலும்புகள் ஒவ்வொன்றாக வெளியே எட்டிப் பார்க்கத் தொடங்கின.

கண்ணெதிரே வைத்துப் பார்த்துக்கொள்வதே நல்லது என்று தையல் கடைக்கே கூட்டிப்போனார். அங்கே துரை தனக்குத் தேவையான சத்தைத் தானே தேடிக்கொண்டது. வெட்டுத்துணி, பஞ்சு, ஒரு டீச்சரம்மாவின் ஜாக்கெட்டில் இடது கை.

"வலது கை இருக்கே, இடது கை எங்க?" என்றார் டீச்சர்.

"இப்ப இதுதான் பேஷன், டீச்சர்."

டீச்சர் அடிக்க வந்தார். துரை பயந்து மேஜைக்கு அடியில் புகுந்தது. தையல்காரர் அதற்கு முன்பே அங்கேதான் இருந்தார்.

தினமும் போன் வரும்.

"துரை எப்படி இருக்கான்?"

"ராஜா மாதிரி இருக்கான்."

"சந்தோஷம்," என்று மனைவி கலகலவென்று சிரிப்பாள். "அவனுக்காக ரொம்ப அலட்டிக்காதீங்க."

என்மேல் எத்தனை நம்பிக்கை என்று தையல்காரர் நெகிழ்ந்துபோவார்.

அன்றைக்கு வந்த போனில் கூடுதலாக ஒரு செய்தி இருந்தது. "பேத்தி பொறந்திருக்கா! உங்க மூக்குதான், பாவம். நான் நாளன்னிக்கு வந்துடறேன்."

தையல்காரர் பேத்திக்காக ஒரு குதி குதித்தார். துரையைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

தீவனக் கடைக்காரர்தான் வழி சொன்னார். "ஊர் எல்லையில இருக்கிற பண்ணையில அச்சு அசலா இதே மாதிரி ஒரு கிடா நிக்குதுண்ணே. நல்ல வாட்டசாட்டமா இருக்கு."

தையல்காரர் துரையை இழுத்துக்கொண்டு பண்ணைக்குப் போனார். கடைக்காரர் பொய் சொல்லவில்லை. பழுப்புத் தலை, வெள்ளை உடம்பு, மார்பு மட்டும் மதில் சுவர் மாதிரி.

பண்ணைக்காரன் வைக்கோல் வண்டியின் உச்சியில் நின்று கட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தான். அவர் மனைவி தீவனப்புல் வாங்குவது இவனிடம்தான்.

"தம்பி, இதை இங்க விட்டுட்டு, அதை ஓட்டிக்கிட்டுப் போகலாமா?" தையல்காரர் கீழே நின்று கேட்டார்.

"தாராளமா ஓட்டிக்கிட்டுப் போங்க மாமா."

"மேல எவ்வளவு ஆகும்?"

"உங்ககிட்டக் காசு வாங்கினா அக்கா என்னை உயிரோட விடுவாங்களா?"

இப்படியும் மனிதர்கள் இருக்கிறார்களே என்று தையல்காரர் உருகிப்போனார். அவன் இறங்கி வந்து மெலிந்த கிடாவைப் பார்ப்பதற்குள், கொழுத்த கிடாவோடு நடையைக் கட்டினார்.

மனைவி வந்து இறங்கியதும் பையைக் கீழே வைத்துவிட்டுக் கொட்டகைக்குப் போனாள். கிடாவைக் கண்டதும் சிலையாக நின்றாள். கிடா துள்ளி வந்து அவள் இடுப்பில் தலையை முட்டியது.

"இதை... நீங்களா வளர்த்தீங்க?"

"பின்னே வேற யாரு?" தையல்காரர் நெஞ்சை நிமிர்த்தினார். "புல்லு முதல்ல, தீவனம் அப்புறம். எல்லாம் கைப்பிடி கைப்பிடியா. உள்ள இருக்கிற நுண்ணுயிருக்குப் பழகணும் பாரு, அவசரப்படக் கூடாது. தாது உப்புகூட அளந்துதான் போட்டேன்."

அவள் சட்டென்று திரும்பிக் கிடாவின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தோள்கள் குலுங்கின.

"அழாதேம்மா," என்றார் தையல்காரர். அவருக்கும் கண் கலங்கியது. "நீ என்னை நம்பி விட்டுட்டுப் போனே. அதைக் காப்பாத்த வேண்டாமா?"

தோள்கள் இன்னும் வேகமாகக் குலுங்கின.

வெளியே கதவு தட்டப்பட்டது. வாசலில் மெலிந்த கிடாவைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு பண்ணைக்காரன் நின்றிருந்தான்.

"அக்கா, மாமாவை நம்பாம என்கிட்ட விட்டுட்டுப் போனீங்களே துரையை, அதை அவரே வந்து ஓட்டிக்கிட்டுப் போயிட்டாரு, சரி, அதுக்குப் பதிலா இங்க கட்டி வைக்க இரவலா வாங்கிட்டு வந்தீங்களே என் கிடா, அதை இப்படி எலும்பும் தோலுமாத் திருப்பி அனுப்பினா என்னக்கா நியாயம்?"