ஒரு காது தச்ச கதை

அண்ணைக்கு எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போவணும், ரெண்டு காதையும் அறுத்துத் தச்சுக்கிடணும், மத்தியான பஸ்ஸுல கருங்கலுக்குத் திரும்பி வரணும். அவ்வளவுதான்.

கேக்குறவங்களுக்குப் பகீர்னு இருக்கும். எங்க வயசுப் பொம்பளைகளுக்கு இருக்காது. சின்னப் பிள்ளையிலயே காது குத்தி, ஓட்டையில ஓலைச் சுருள் வச்சுப் பெருசாக்கி, ஈயக் குணுக்கு மாட்டி இழுத்து இழுத்து, தோள்ல வந்து இடிக்குத மாதிரி காது வளத்துவாவ. அதுலதான் பாம்படம் தொங்கும். நீளக் காது இல்லாதவள எவன் கட்டுவான்னு சொல்லி வளத்த காது!

எனக்குக் கல்யாணம் ஆகி நாலு வருசம் கழியல்ல, காலம் மாறிப்போச்சு. வெள்ளக்காரன் போனான், மகாராசாவுக்க ஆட்சி போச்சு, பெறகு எங்க காதும் போவணும்னு ஆச்சு.

நான் அதைப் பெருசா எடுத்துக்கிடல்ல, எனக்க தம்பிக்கு நிச்சயதார்த்தம் நடக்குத வரைக்கும். பொண்ணு நாகர்கோவில்ல டீச்சர். அந்த வீட்டுப் பொம்பளைய எல்லாருக்கும் குட்டிக் காது, அதுல கல்லுக் கம்மல். நடுவுல நான் பாம்படத்த ஆட்டிட்டு உக்காந்திருக்கேன். அந்த வீட்டுச் சின்னக் குட்டி ஒண்ணு எனக்க மடியில ஏறி, காது ஓட்டைக்குள்ள கைய விட்டு, "அம்மா, கை போவுது பாரு!"ன்னு கூவிச்சு. சபையே சிரிச்சுது. நானும் சிரிச்சேன். வீட்டுக்கு வந்து அழுதேன்.

சித்திரையில கல்யாணம். அதுக்கு முன்னாடி ரெண்டு காதும் ஆறி, கம்மல் போட்டுட்டு அந்தப் பந்தல்ல போயி நிக்கணும். இதுதான் எனக்க சபதம்.

எனக்க வீட்டுக்காரரு கருங்கல் சந்தையில துணிக்கடை வச்சிருந்தாவ. அவிய ஒரே ஒரு கேள்விதான் கேட்டாவ.

"வலிச்சா என்ன செய்வ?"

"நானா? ரெண்டு பிள்ள பெத்தவளாக்கும்! ஊசிக்கும் நூலுக்குமா பேடிப்பேன்?"

இத அவியகிட்ட மட்டும் சொல்லியிருந்தா தப்பிச்சிருப்பேன். கிணத்தங்கரையில சொன்னேன். கடையில சொன்னேன். தெருவுல ஆறு பொம்பளைய, "நீ போயிட்டு வா பிள்ளே, ஒனக்கு வலிக்கல்லன்னா நாங்களும் போறோம்"னு காத்திருந்தாவ.

அண்ணைக்குச் சந்தை நாள். கடையை விட்டுட்டு அவியளால வர முடியாது. அதுனால அவியளுக்க அக்கா, எனக்கு மைனி, பக்கத்து ஊர்ல இருந்து தொணைக்கு வந்தா. மைனிக்கும் தோள் தொடுத காது. பஸ் ஏறினதுல இருந்து ஒரே பாட்டு.

"ஏட்டி, சும்மா கெடக்குத செவிய அறுத்துட்டு மூளியா நிக்கவா போற?"

"அறுத்துத் தைப்பாவ மைனி. மூளி ஒண்ணும் இல்ல."

"நீ நடுங்காம இருந்தாச் சரி."

"நானா?"ன்னு மறுபடியும் கேட்டேன். அந்த 'நானா'வுக்குத்தான் பெறகு அனுபவிச்சேன்.

ஆஸ்பத்திரி பெஞ்சுல எனக்குப் பின்னால அஞ்சு பேரு இருந்தாவ. எல்லாரும் பாம்படத்தக் கழட்டிட்டு வெறுங்காதோட. அதுல ரெண்டு பேரு பேச்சிப்பாறையில இருந்து விடியுமுன்னே கெளம்பி வந்தவிய. முகமெல்லாம் வெளுத்துக் கெடந்துது. நான் அவியளுக்கும் தைரியம் சொன்னேன். சொல்லாம இருக்க முடியுமா, நம்ம வாய்!

உள்ள கூப்பிட்டாவ. கட்டில்ல படுத்தேன். நர்ஸம்மா நல்ல மாதிரி.

"முதல்ல மரப்பு ஊசி போடுவோம். கொஞ்சம் எரியும். பெறகு செவி மரத்துப் போவும், அறுத்தாலும் அறியாது."

டாக்டரு எடது காதப் பிடிச்சு ஊசி குத்தினாரு. கொஞ்சம் எரியுமாம்! நட்டுவாக்காலி கொட்டினது மாதிரி இருந்துது. "எனக்க அம்மோ!"ன்னேன். வெளிய மைனி இருமுத சத்தம் கேட்டுது. அது இருமல் இல்ல.

பெறகு சுத்தமா ஒண்ணும் தெரியல்ல. காது இருக்குத எடத்துல ஏதோ அடுத்த வீட்டுச் சாமான் இருக்குத மாதிரி இருந்துது. பல்லக் கடிச்சிட்டுக் கெடந்தேன். எவ்வளவு நேரம் கடிக்கது? தாடை நோவ ஆரம்பிச்சுது.

"டாக்டரே, எப்பம் அறுப்பிய?"

"அறுத்துத் தச்சாச்சே அம்மா. கட்டுப் போடுத வேலைதான் பாக்கி."

எனக்கு நம்ப முடியல்ல. நர்ஸம்மா ஒரு பீங்கான் கிண்ணத்தக் காட்டினா. அதுல எனக்க காதுல மிஞ்சின துண்டு சுருண்டு கெடந்துது. இருவது வருசமா இழுத்து வளத்தது! ஒரு சொட்டுக் கண்ணீர் வந்துது. ஆனா வலி? எறும்பு கடிச்ச வலி கூட இல்ல.

தலை கிறுகிறுத்துப் போச்சு எனக்கு. வலியில இல்ல, பெருமையில. கட்டுப் போட்டு முடிச்சு, டாக்டரு வலது காதுக்கு ஊசியத் தூக்கினாரு. அப்பம் எனக்க மூளை வேலை செஞ்சுது பாருங்க!

எடது காதுல எது வலிச்சுது? ஊசி. எது வலிக்கல்ல? அறுத்தது. தச்சது. அப்பம் இந்த ஊசி எதுக்கு?

எந்திரிச்சு உக்காந்துட்டேன்.

"டாக்டரே, ஊசி வேண்டாம். நேர அறுங்க."

டாக்டரு ஊசியத் தாழ்த்தினாரு. "என்னம்மா?"

"அறுக்குதது எனக்கு வலிக்கவே இல்லியே. ஊசிதான் வலிக்குது. வலிக்குதத விட்டுட்டு வலிக்காதத மட்டும் செய்யுங்க. ஒங்களுக்கும் மருந்து மிச்சம்."

நர்ஸம்மா முந்தானையால வாயப் பொத்தினா. டாக்டரு நல்ல பொறுமைசாலி. "அம்மா, ஊசி போட்டதுனாலதான் வலிக்கல்ல"ன்னாரு.

"அது சிலருக்கு இருக்கும் டாக்டரே. எனக்க செவி அப்பிடிப்பட்டது இல்ல. நான் ரெண்டு பிள்ள பெத்தவளாக்கும்."

"சரி. லேசா ஒரு தடவ இடுக்கியால பிடிச்சுப் பாக்கேன். வலிக்கல்லன்னா ஊசி இல்லாமலே அறுக்கலாம். சம்மதமா?"

"பிடியுங்க!"ன்னு காத நீட்டிக் குடுத்தேன்.

பிடிச்சாரு. லேசாத்தான் பிடிச்சாரு.

எனக்கு ஓர்மை வரும்போ நான் கட்டில்ல இல்ல. வராந்தாவுல ஓடிட்டு இருக்கேன். ஒரு பக்கம் வெள்ளக் கட்டு, இன்னொரு பக்கம் வெறுங்காது பனைநாரு மாதிரி ஆடுது, தொண்டையில இருந்து ஒரு கூவல். பெஞ்சுல இருந்த அஞ்சு பேரும் என்னப் பாத்தாவ. ஒருத்தருக்கு ஒருத்தர் பாத்தாவ. அப்பிடியே எந்திரிச்சு, எனக்கு முன்னால வாசலத் தாண்டிட்டாவ! பேச்சிப்பாறைக்காரிய ரெண்டு பேரும்தான் முதல்ல ஓடினது.

பின்னால டாக்டருக்க சத்தம்: "அம்மா, ஒரு வாரம் கழிச்சு தையல் பிரிக்க வரணும்! எல்லாரும் எங்க போறிய?"

மைனி என்னப் பிடிச்சு பஸ்ஸுல ஏத்தினா. சிரிக்கக்கூட இல்ல. அது இன்னும் மோசம்.

பஸ் கெளம்பிச்சு. வீட்டுக்காரரு முகத்துல எப்பிடி முழிக்கதுன்னு எனக்கு வெப்ராளம். வெப்ராளம் வந்தா நான் காது நுனியப் பிடிச்சுத் திருகுவேன், சின்னதுல இருந்தே பழக்கம். எடது கையத் தூக்கித் தோள் பக்கம் கொண்டு போனேன்.

காது இல்ல!

இன்னும் கொஞ்சம் தடவினேன். தோள் இருக்கு, ரவிக்கை இருக்கு, காதக் காணல! மரத்துக் கெடக்குததுனால இருக்கா இல்லியான்னு காதும் ஒண்ணும் சொல்லல்ல.

"நிறுத்துங்க! நிறுத்துங்க! எனக்க காதக் காணல!"

பஸ் நின்னுது. கண்டக்டர் ஓடி வந்தான். "என்னத்தக் காணல அக்கா? கம்மலா?"

"காது! காது! ஓடும்போ விழுந்துட்டு போல!"

இந்த ஊர்க்காரங்கள மாதிரி ஒத்தாசைக்காரங்கள நீங்க எங்கயும் பாக்க முடியாது. எதுக்கு, எப்பிடின்னு ஒருத்தரும் கேக்கல்ல. மரச்சீனி மூட்டைய நகத்திப் பாத்தாவ. கோழிக் கூடையத் தூக்கிப் பாத்தாவ. ஒரு பெரியவரு சீட்டுக்கு அடியில கைய விட்டு, காய்ஞ்ச கருவாட்டுத் துண்டு ஒண்ண எடுத்து, "மக்கா, இதான்னு பாரு"ன்னாரு.

நான் அதையும் வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்தேன், கேட்டுக்கிடுங்க.

மைனிதான் தலையில அடிச்சிட்டு எந்திரிச்சா. "ஏ மூதேவி! அதத்தான் அறுத்துக் கிண்ணத்துல போட்டாச்சே! மிச்சம் கட்டுக்குள்ள இருக்கு! மேல தடவு!"

மேல தடவினேன். இருந்துது.

பஸ்ஸுல எழும்பின சிரிப்பு கருங்கல் வர அடங்கல்ல.

எறங்கினது சந்தைக்கு நடுவுல. ஒரு காது கட்டுல, ஒரு காது காத்துல. வாழைக்கொலைக்காரன் வெல சொல்லுதத நிறுத்திட்டான். எனக்க வீட்டுக்காரரு கடையில துணி அளந்துட்டு இருந்தாவ. என்னப் பாத்ததும் கெஜக்கோல் கையில இருந்து நழுவிச்சு.

"மத்தது எங்க?"

"மத்தது அடுத்த வாரம். டாக்டரு ஒண்ணு ஒண்ணாத்தான் செய்வாராம்."

மைனி வாயத் தொறந்தா. அவ காலு மேல ஏறி நின்னேன்.

அதுக்குள்ள தெருவுல காத்திருந்த ஆறு பேரும் கடைக்கு முன்னால வந்துட்டாவ. "வலிச்சுதா பிள்ளே?"

இந்த எடத்துல வாய மூடியிருக்கலாம். தலையாட்டிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம்.

"வலியா? அப்பிடி ஒண்ணு இருக்கதே எனக்குத் தெரியல்ல! அவரு அறுக்காரு, நான் அவருகிட்ட கதை சொல்லிட்டுக் கெடக்கேன்..."

அப்பந்தான் மரப்பு விட ஆரம்பிச்சுது. முதல்ல ஒரு துடிப்பு. பெறகு சூடு. பெறகு யாரோ காதுக்குள்ள ஒலை வச்ச மாதிரி திகுதிகுன்னு. முகத்துல சிரிப்பு அப்பிடியே நிக்குது, கண்ணுல தண்ணி தாரை தாரையா ஓடுது.

"ஏன் பிள்ளே அழுத?"

"ச...சந்தோசம்"னேன்.

ஆறு பேரும் திரும்பி வீட்டப் பாத்துப் போனாவ. அண்ணைக்கு ராத்திரி வீட்டுக்காரரே சோறு வடிச்சு வெளம்பினாவ. எனக்கு வெக்கமாவும் இருந்துது, அவிய மேல பிரியமாவும் இருந்துது. காது ஒண்ணே ஒண்ணா இருந்தாலும் தம்பி கல்யாணத்துக்குப் போவணுமேன்னு விடிய விடிய முழிச்சுக் கெடந்தேன்.

ஒரு வாரம் கழிச்சு, தொணைக்கு ஆள் கூப்பிடாம, தனியாத்தான் போனேன். டாக்டரு தையலப் பிரிச்சாரு. வலது காத நானே திருப்பிக் காட்டி, "எத்தன ஊசி வேணும்னாலும் போடுங்க"ன்னேன். வலிச்சுது. கட்டிலப் பிடிச்சிட்டுக் கெடந்தேன். முடிஞ்சுது.

கட்டுப் போடும்போ நர்ஸம்மா சொன்னா: "ஒங்க கூட அண்ணைக்கு வந்தாவளே ஒரு அக்கா, அவிய வியாழக்கிழமை வந்து ரெண்டு காதையும் ஒரே இருப்புல முடிச்சிட்டுப் போனாவ. ஒரு சத்தம் இல்ல!"

மைனியா! மூளின்னு சொன்ன மைனியா!

சித்திரையில கல்யாணம். ரெண்டு காதுலயும் கல்லுக் கம்மல் போட்டுட்டு நான் பந்தல்ல நின்னேன். நெனச்சது நடந்துபோச்சு, மனசு நெறஞ்சுது. என்ன, ஒருத்தரும் என்னத் திரும்பிப் பாக்கல்ல. எல்லாரும் மைனியச் சுத்தி நின்னாவ.

"இந்த வயசுல ஒங்களுக்கு எங்க இருந்து வந்துது இந்தத் தைரியம்?"னு பொண்ணுக்க அம்மா கேட்டா.

மைனி என்னக் கைகாட்டினா. "இவகிட்ட இருந்துதான். ஒத்தக் காதோட சந்தை வழியா நடந்து வந்தா. அதுக்கு மேல ஒரு மானக்கேடு மனுசருக்கு வருமா? பெறகு என்ன பேடி?"

அந்த வருசம் எங்க தெரு ஆறு பேரும் காது தச்சாவ. பேச்சிப்பாறைக்காரியளும் திரும்பி வந்து தச்சாவளாம். எல்லாருக்கும் தொணைக்குப் போனது மைனிதான்.

என்ன மட்டும் கூட்டிட்டு வரண்டாம்னு டாக்டரே சொல்லி விட்டாராம்.