சம்பந்தி வீட்டுத் துள்ளுப்பாய்

சேசு மரி சூசை காவல்
புத்தூர், திருச்சினாப்பள்ளி
மே 1965

பிலாயில் உத்தியோகம் பார்க்கும் என் அருமை மகன் கிளமென்டுக்கு, அப்பா தைரியராஜ் வாயால் சொல்லி எழுதுவித்தது. இடது கால் நீங்கலாக நான் சுகம். உன் சுகத்துக்கு மாதாவிடம் தினமும் சொல்லி வைக்கிறேன். மன்னார்புரத்து வீட்டைப் பூட்டிவிட்டு நான் எதற்கு உன் மாமனார் வீட்டில் கிடக்கிறேன் என்று யோசிப்பாய், அதற்கு வருகிறேன். அதற்கு முன் என் கோரிக்கையைக் கேள். இதைப் படித்த கையோடு, பிள்ளைகளோடு இங்கே வந்திருக்கிற உன் பெண்டாட்டி டோரதிக்கு ஒரு வரி போடு. மிச்ச லீவுக்குப் பிள்ளைகள் இரண்டும் என் வீட்டில்தான் இருக்க வேண்டும்.

போன வருஷம் வரைக்கும் உன் பிள்ளைகள் ஜங்ஷனில் இறங்கினால் என் ஜட்காவில்தான் ஏறும். "தாத்தா, சிட்டு எங்க?" என்று குதிரையைக் கேட்டுவிட்டுத்தான் என் முகத்தையே பார்க்கும். கார்த்திகையில் சிட்டு போய்ச் சேர்ந்தது. இந்த வருஷம் நான் ரயிலடிக்கு நடந்துபோய் நின்றேன், உன் மாமனார் பிலோமின்ராஜ் டாக்ஸியோடு வந்து நின்றார். உன் கல்யாணத்தன்று போட்டிருந்த அதே மடிப்புக் கலையாத சட்டை, எனக்கு மறக்கவில்லை. அன்றைக்கு என் சட்டையில் மட்டும்தான் ரசம் கொட்டியது, அதுவும் மறக்கவில்லை. செத்துப்போன உன் அம்மா பெயரைச் சுமக்கிற இருதயமேரி என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "தாத்தா, புத்தூர் தாத்தா வீட்ல துள்ளுப்பாய் இருக்காம், நீங்களும் வாங்க" என்கிறாள். என்னைப் பார்த்து, வாங்களாம்! விருந்தாளியா நான்?

துள்ளுப்பாய் என்றால் உனக்கு விளங்காது. தை மாசம் இங்கே சர்க்கஸ் போட்டவன் ஊரைவிட்டுக் கிளம்பும்போது விற்றுப்போட்ட பழைய சாமான். இரும்புக் குழாய்ச் சட்டம், நடுவில் இழுத்துக் கட்டிய கித்தான், சுற்றிலும் ஸ்பிரிங். ஏறிக் குதித்தால் ஆளைப் பந்து மாதிரி தூக்கி அடிக்கும். ரயில்வேயில் பிட்டராக இருந்த மனுஷன் அல்லவா, சட்டத்துக்குப் பெயிண்ட் அடித்து, ஸ்பிரிங்குக்கு கிரீஸ் போட்டு, கால் மாட்டாமலிருக்க ஸ்பிரிங்கின் மேல் தேங்காய் நார் அடைத்த சாக்கைச் சுற்றிக் கட்டி, மழைக்கு முன் கித்தானைச் சுருட்டி உள்ளே வைத்து, ஏதோ பலிபீடத்தைப் பார்ப்பது போலப் பார்க்கிறார். ஏறுவதற்கு முன் பிள்ளைகள் வேறு ஞானோபதேசம் மாதிரி ஒப்பிக்க வேண்டும். "ஒவ்வொருத்தராத்தான் ஏறணும்! நடுவுலதான் குதிக்கணும்! தின்னுட்டு உடனே ஏறக் கூடாது!" என் ஜட்காவில் ஏற என்றைக்காவது ஒப்பித்தீர்களா? ஏறினீர்கள், விழுந்தீர்கள், எழுந்தீர்கள், அவ்வளவுதானே.

என்ன குறை என்று பார்க்கவே தினமும் மன்னார்புரத்திலிருந்து நடந்து வந்தேன். ஸ்ரீரங்கத்துச் சக்ரபாணி வாத்தியாரை உனக்கு ஞாபகம் இருக்கும், மழையோ வெயிலோ என் வண்டியில்தான் பள்ளிக்கூடம் போவார், ஒருநாளும் வண்டியை நல்லது என்று சொன்னதில்லை. அவரும் பேரனைக் கூட்டிக்கொண்டு இங்கே வந்து நிற்கிறார்! என்னைப் பார்த்ததும், "ஓய் தைரியராஜ், உம்ம வண்டியில முதுகு ஒடிஞ்சதுக்கு இது எவ்வளவோ தேவலை ஓய்! பெருமாள் கிருபை, இதுக்குக் கொள்ளு வைக்க வேண்டாம், லத்தி அள்ள வேண்டாம்!" என்றார். உன் மாமனார் சிரித்தார். கொஞ்சம்தான் சிரித்தேன் என்கிறார் இதை எழுதுகிறவர். அவரைக் கேட்கவில்லை.

சனிக்கிழமை எல்லாரும் பாவசங்கீர்த்தனத்துக்குக் கோயிலுக்குப் போன நேரத்தில் கித்தானைத் தொட்டுப் பார்த்தேன். அப்பளமாகக் காய்ந்து கிடந்தது. ஸ்பிரிங்குக்கு கிரீஸ் போடத் தெரிந்தவருக்கு இது தெரியவில்லை. குதிரை வாருக்கு விளக்கெண்ணெய் தடவாமல் நான் வண்டி பூட்டியதே கிடையாது, தடவாவிட்டால் வெடிக்கும். இதற்கும் யாராவது தடவினால் தேவலை என்று நினைத்தேன். யாரோ தடவியும் விட்டார்கள். யார் என்ற பேச்சு இப்போது வேண்டாம். ஞாயிறு பூசை முடிந்து, இட்லி சாப்பிட்டு, வாசலுக்கு வந்தால் இருதயமேரி பாவாடையைச் செருகிக்கொண்டு வெறுங்காலோடு ஓடுகிறாள். வெயிலில் கித்தான் மினுமினு என்கிறது. வழுக்கும் என்று சொல்லலாம், உங்களுக்கு எப்படித் தெரியும் என்று சம்பந்தி கேட்டால்? "அம்மாடி நில்லு! தாத்தா மொதல்ல!" என்று கத்தி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறிவிட்டேன். "சம்பந்தி, வேணாங்க! இப்பதான சாப்பிட்டீங்க!" என்று அவர் பின்னாலேயே ஓடி வருகிறார். முதல் குதியில் மதிலுக்கு மேலே போனேன். மலைக்கோட்டை தெரிந்தது மகனே, உச்சிப் பிள்ளையார் கோயில் வரைக்கும் தெரிந்தது. "மன்னார்புரம் தாத்தா, இன்னும் ஒசரம்!" என்று பிள்ளைகள் கை தட்டின. அடுத்த குதியில் கால் எங்கே போனது என்று தெரியவில்லை, நான் போன இடம் கோழிக்கூண்டு. உன் மாமனார் ஓடிவந்து முதலில் பார்த்தது கோழியை. அப்படி இல்லை என்கிறார் இதை எழுதுகிறவர். எழுதுங்க என்றேன். காலுக்கு மாவுக்கட்டு.

ஆகையால் மகனே, ஆபத்தான இந்தச் சாமான் இருக்கும் வீட்டில் பிள்ளைகளை விடாதே. என் வீட்டில் குதிக்கவும் ஒன்றுமில்லை, விழவும் ஒன்றுமில்லை. மாதா உன் தலைக்கு மேல் முந்தானை விரித்துக் காக்கட்டும்.

உன் அப்பா தைரியராஜ்

பி.கு. தபாலில் போடுவதற்குள் இன்னொன்று. மேலே கேட்டதை எல்லாம் விட்டுவிடு, டோரதிக்கு எழுதாதே. கித்தானைச் சோப்புப் போட்டு அலசிக் காயவைத்தாயிற்று. அதன் பக்கத்திலேயே எனக்குக் கட்டில் போட்டிருக்கிறார்கள். ஒருத்தர் இறங்காமல் இன்னொருத்தர் ஏறக் கூடாது என்று சத்தம் போடுவது இனி என் வேலை. ஜங்ஷனில் சவாரி கூப்பிட்ட தொண்டை, சம்பந்திக்கு அது வராது. எழுதியது யார் என்று கேட்பாய், சம்பந்திதான். டோரதியை எழுதச் சொன்னால் அவள் அப்பாவைப் பற்றிய இடங்களைப் பூசி மெழுகிவிடுவாள். இவர் அளவு பார்த்து வேலை செய்தவர், ஓர் எழுத்தையும் மாற்றமாட்டார்.

மாப்பிள்ளைக்கு பிலோமின்ராஜ் எழுதுவது. அப்பா கண் அசந்திருக்கிறார். ஓர் எழுத்தும் மாற்றவில்லை. விளக்கெண்ணெய்க் குப்பி கோழிக்கூண்டுக்குப் பின்னால் கிடந்தது, அதில் சிட்டுவின் முடி ஒட்டியிருந்தது. எனக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனால் பிள்ளை கால் வைப்பதற்குள் தன் காலை வைத்தாரே என்று குப்பியைப் புதைத்துவிட்டேன். நீங்களும் கேட்க வேண்டாம். இப்போதெல்லாம் அவர் கண் விழித்தால் பிள்ளைகள் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து சிட்டு கதைதான் கேட்கின்றன. துள்ளுப்பாயில் ஒரு குஞ்சும் இல்லை. மாப்பிள்ளை, நீங்கள் ஒரு வரி எழுதி, கால் சரியானதும் அவரை மன்னார்புரத்துக்கே போகச் சொல்ல முடியுமா?