பிளாஸ்க்கும் சக்கும்

மொண்டேவீடியோவில் இருக்கும் அன்பு அக்கா நெலிடாவுக்கு, பைசாண்டுவிலிருந்து தம்பி வில்மர் வணக்கத்துடன் எழுதுவது. அத்தானுடைய மூட்டுவலி எப்படி இருக்கிறது? இங்கே நானும் மிர்த்தாவும் நலம். என் இடது பாதம் மட்டும் அவ்வளவு நலமில்லை.

பண்ணைக்காரர் ஒருவரின் பம்புக்குச் சதுர இரும்புத் துண்டு ஒன்றைக் கொட்டகையில் இருக்கும் என் லேத்தில் கடைய வேண்டியிருந்தது அக்கா. துண்டைக் கவ்விச் சுழற்றும் மூன்று தாடை சக் சதுரத்தைப் பிடிக்காது, அதைக் கழற்றி நாலு தாடை சக்கை மாட்ட வேண்டும். மோட்டாரை ஓடவிட்டுக் கழற்றுகிற மடையனா நான்? பிளக்கைப் பிடுங்கினேன். சக்குக்கு அடியில் பலகை வைத்தேன் (மிர்த்தா ஞாயிற்றுக்கிழமை இறைச்சி வெட்டும் பலகைதான், அவளிடம் சொல்லாதீர்கள்). தாடைக்குக் கட்டையால் முட்டுக் கொடுத்து, பெல்ட்டைக் கையாலேயே பின்னோக்கி இழுத்தேன். எல்லாம் முறைப்படிதான். ஆனால் நம் ஊரில் எவன் பிளாஸ்க்கைக் கீழே வைத்துவிட்டு வேலை செய்கிறான், சொல்லுங்கள்? கக்கத்தில் வெந்நீர் பிளாஸ்க், அந்தக் கையில் மாத்தே இலைத்தூளில் அதை ஊற்றி உறிஞ்சும் குடுவை. என் கல்யாணத்திலேயே மோதிரம் மாற்றும்போதுதான் கீழே வைத்தேன். சக் சட்டென்று கழன்று வந்தது. ஒற்றைக் கையால் பிடித்தேன். சக் பத்திரமாகப் பலகையில் உட்கார்ந்தது, பிளாஸ்க் வெந்நீரோடு என் பாதத்தில் உட்கார்ந்தது. நான் போட்ட கூச்சல் ஆற்றுக்கு அக்கரையில் அர்ஜென்டினாவரை கேட்டிருக்கும்.

"ஒரு சொட்டு ரத்தம் பாத்தாலும் அந்த இரும்பைத் தூக்கிக் கடாசிருவேன்" என்பது மிர்த்தாவின் பழைய சட்டம். ஓடி வந்தாள்.

"ரத்தமா?"

"இல்லடி, வெறும் கொப்பளம்."

"கொப்பளத்துக்குள்ள என்ன, எலுமிச்சம் சாறா?"

அத்தோடு விட்டிருக்கலாம். நொண்டிக்கொண்டே போய் நாலு தாடை சக்கை மாட்டினேன். குடுவையிலிருந்த மாத்தே தூள், சக்கைத் திருகி மாட்டும் ஸ்பிண்டில் மரையில் கொட்டியிருந்ததை நான் எங்கே கண்டேன்? சக் பாதியிலேயே இறுகிக்கொண்டது. முழுக்க உட்கார்ந்துவிட்டது என்று நினைத்து சுவிட்சைப் போட்டேன். ஐயோ அக்கா, குடிகாரன்போல ஆடியது பாருங்கள்! மிர்த்தா பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினாள்.

"மரைக்குள்ள என்னய்யா பச்சையா?"

"மாத்தே..."

"லேத்துக்கும் ஊட்டுறியா?"

அன்றைக்கே பழைய இயந்திரம் வாங்குகிற ஃபகூந்தஸைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டாள். சனிக்கிழமை வந்து தூக்கிக்கொண்டு போவானாம். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் நான் காலையில் எழுந்திருப்பதே அந்த லேத்துக்காகத்தான். அது போனால் நாள் முழுக்க யார் முகத்தைப் பார்ப்பேன், மிர்த்தா முகத்தையா? போனில் பேசினால் அவள் காதில் விழும் என்றுதான் கடிதம். அவள் மதிப்பது உங்கள் பேச்சு ஒன்றைத்தான். எப்படியாவது லேத்தைக் காப்பாற்றிக் கொடுங்கள்.

அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தங்கள். கன்னி மாதா உங்கள் எல்லோரையும் காக்கட்டும்.

அன்புத் தம்பி,
வில்மர்

பின்குறிப்பு: கால் வலியில் இதைத் தபாலில் சேர்ப்பதற்குள் சனிக்கிழமையே வந்துவிட்டது. ஃபகூந்தஸ் கக்கத்தில் பிளாஸ்க்கோடு வந்து நேராக சக்கில் கை வைத்தான். "யோவ், ரெண்டு கையையும் காலி பண்ணிட்டுத் தொடுய்யா!" என்று மிர்த்தா போட்ட அதட்டலில் நான்கூட என் குடுவையைக் கீழே வைத்தேன். பிறகு அவளே பலகை வைத்து, சக்கைக் கழற்றி, மரையைத் தேய்த்துத் துடைத்து, எண்ணெய் தடவி, கையாலேயே சுற்றி ஒட்ட உட்கார வைத்தாள். சாப்பாட்டு மேசையில் லேத்தைப் பற்றி நான் ஓதியதெல்லாம் அவள் காதில் விழுந்திருக்கிறது! "நீங்களே ஓட்டலாமேம்மா, எதுக்கு விக்கிறீங்க?" என்றான் அந்த மனுஷன். அவள் சக்கை மறுபடி ஒருமுறை கையால் சுற்றிப் பார்த்தாள். பிறகு விற்கவில்லை என்று அவனை அனுப்பிவிட்டாள்.

பம்புத் துண்டை அவளேதான் கடைந்து கொடுத்தாள். இப்போது கொட்டகையை உள்ளே தாழ் போட்டுக்கொண்டு வேலை செய்கிறாள். அதனால் அக்கா, லேத்துக்காகப் பேச வேண்டாம். என்னை உள்ளே விடச் சொல்லிப் பேசுங்கள்.