பொறுப்பு ஆண்டியப்பனுடையது

ஆபீஸ் லேப்டாப்பின் திரையில் நேற்றுக் காலை நான்கு சதவீதம் என்று இருந்தது. இன்று புதன்கிழமை காலையும் நான்குதான். ஆண்டியப்பன் கண்ணாடியைக் கழற்றி, சட்டை முனையில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தான். அதே நான்கு இப்போது பளிச்சென்று தெரிந்தது.

டயகமவுக்கு மேலே, பாதி நாள் பனிமூட்டத்துக்குள் கிடக்கும் ஒரு தேயிலைத் தோட்டத்தின் ஆபீஸ் அது. ஆட்களில் யார் எந்த வருசம் பேர் பதிந்தார்கள், எத்தனை நாள் வேலைக்கு வந்தார்கள் என்ற பழைய கணக்கு முழுவதும் இதுவரை எங்கோ ஒரு கிளவுட்டில் இருந்தது. அதற்கு முந்திய புத்தகங்கள் ஈரத்தில் மக்கிக் குப்பையோடு போய்விட்டன. வயதாகி வேலையை விடும்போது கம்பெனி கொடுக்க வேண்டிய சர்வீஸ் காசுக்கு அந்தக் கணக்கை விட்டால் வேறு சாட்சி கிடையாது. இப்போது கம்பெனி கிளவுட்டை விட்டுவிட்டுக் கொழும்பில் புதிதாக ஒரு சர்வர் வாங்கியிருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலத்தோடு அதன் கதவு சாத்தப்படும், அதற்குள் ஏறாத கணக்கு கணக்கே அல்ல என்று உத்தரவு வந்திருந்தது.

கம்ப்யூட்டர் படித்த சுதர்ஷினி அதே ஆபீசில்தான் இருந்தாள். ஆனால் தோட்டத்து மேனேஜரான துரை அந்த வாரம் பார்த்து அவளை ஏதோ பயிற்சிக்கென்று கொழும்புக்கு அனுப்பிவிட்டார். போகிற அவசரத்திலும் அவள் கிளவுட்டில் இருந்ததையெல்லாம் இறக்கி, சோப்புக்கட்டி அளவு டிஸ்க் ஒன்றில் போட்டு வைத்துவிட்டுப் போயிருந்தாள். அதைப் புதிய சர்வருக்கு ஏற்றும் வேலைக்குத் துரை ஆண்டியப்பனைக் கூப்பிட்டார்.

ஆண்டியப்பன் யாரென்று தோட்டத்துக்கே தெரியும். கீபோர்டில் தேத்தண்ணி கொட்டிவிட்டது என்று அதைப் பைப்படியில் வைத்துச் சவுக்காரம் போட்டுக் கழுவியவன். அடைமழை நாளில் கம்ப்யூட்டருக்குக் குளிருமே என்று சாக்கைப் போர்த்தி, அது புகைந்து அணைகிற வரைக்கும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவன். பல வருசமாகத் தற்காலிகக் கிளாக்கர். தற்காலிகமாகவே தலையும் நரைத்துவிட்டது.

"ஆண்டியப்பன், ஒன்ன நம்பித்தான் இத குடுக்கிறேன்," என்றார் துரை. "முடிச்சுட்டா வேலை நிரந்தரம், ஸ்டாப் கோட்டர்ஸ்ல வீடு. தவறிப் போச்சுன்னா பொறுப்பு ஒன்னோடது. வெளங்குச்சா?"

"வெளங்குச்சுங்க தொர."

வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவர் தன்னை நம்பியதில் அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டுக்குப் போய்ச் சொன்னதும் மனைவி சண்முகவடிவு, கூரைத் தகரத்தின் ஒழுக்குக்கு வைத்திருந்த சட்டியை நகர்த்திவிட்டு அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அங்க அடுப்புக்கும் படுக்கைக்கும் நடுவுல செவரு இருக்குமாங்க?"

"செவரா? தனி ரூமே இருக்கு புள்ள!"

அன்றைக்கே அவள் பாத்திரங்களைச் சாக்கில் கட்ட ஆரம்பித்துவிட்டாள்.

ஆனால் நான்கு அசையவில்லை. இன்டர்நெட்டுக்காக லேப்டாப்பில் சொருகும் ஆபீஸ் டொங்கல் பழசு, வேறொன்று வேண்டும் என்று துரையிடம் போய்க் கேட்டான்.

"இருக்கிறத வச்சு செய்யி. ஒன்னால முடியும்."

அடேயப்பா, எவ்வளவு நம்பிக்கை என்று பூரித்துப்போய் லேப்டாப்போடு வீட்டுக்குத் திரும்பினான். விசயத்தைக் கேட்ட சண்முகவடிவு வேறு குறை கண்டுபிடித்தாள்.

"ஸ்டோர்ல கொழுந்து அரைக்கிற ரோலருக்குக்கூடப் பொட்டு வச்சுத்தான் சுத்த விடுறாங்க. நீங்க ஒரு பூச கீச போடாம ஆரம்பிச்சா எப்பிடி ஓடும்?"

நியாயம்தானே. டொங்கலுக்குச் சந்தனத்தைத் தாராளமாகக் குழைத்துப் பூசி, குங்குமம் வைத்து, கும்பிட்டுச் சொருகினான். திரையில் இருந்த நான்கும் போய்விட்டது. உள்ளே போன ஈரம் காயட்டும் என்று டொங்கலை அடுப்படியில் வைத்துவிட்டு முகம் கழுவப் போனான். ரொட்டி சுடுவதற்காகச் சண்முகவடிவு தீயைக் கூட்டியிருந்தாள். அவன் வந்து பார்த்தபோது டொங்கல் கருவாடு மாதிரி வளைந்து கிடந்தது.

வியாழக்கிழமை லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மாரியம்மன் கோயில் மேட்டுக்கு ஏறினான். போனில் சிக்னல் கொஞ்சம் தெளிவாகக் கிடைக்கிற இடம் அது ஒன்றுதான். போனிலிருந்து லேப்டாப்புக்கு இணைப்புக் கொடுத்து, குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். ஒரு சதவீதம் ஏறியது. ஒன்றரை ஆவதற்குள் வேலை விட்டு ஆட்கள் லயத்து வீடுகளுக்கு வந்து சேர்ந்தார்கள். சவுதியில் வீட்டு வேலைக்குப் போன மகளையும் கொழும்புக் கடையில் நிற்கிற மகனையும் போனில் முகம் பார்க்கிற நேரம் அது. அத்தனை முகத்தையும் சுமந்த டவர், ஆண்டியப்பனின் சர்வரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் பெரட்டுக்களத்துக்குப் போனான். ஆட்களை மலைக்குப் பிரித்து அனுப்ப, வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா பேர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஆண்டியப்பன் ஒரு கல்லின் மேல் ஏறினான்.

"இன்னைக்கு ஒரு நா மட்டும் எல்லாரும் போன்ல டேட்டாவ நிப்பாட்டி வைங்க!"

"எதுக்கு?" என்று கேட்டாள் முன்னால் நின்ற வேலாயி. அடுத்த வருசம் வேலையிலிருந்து நிற்கப் போகிறவள்.

இதை அவன் நிதானமாக விளக்கியிருக்கலாம். "நிப்பாட்டலேன்னா ஒங்க சர்வீஸ் கணக்கு பூரா போயிரும்!" என்று கத்திவிட்டான்.

வாயா அது? பனி விலகுவதற்குள், ஆண்டியப்பன் எல்லாருடைய வருசத்தையும் தொலைத்துவிட்டான் என்ற செய்தி மேல் லயம், கீழ் லயம் எல்லாம் சுற்றி வந்துவிட்டது. டேட்டாவை நிறுத்தச் சொன்னவனின் கண் முன்னாலேயே அத்தனை பேரும் ஒரே நேரத்தில் பிள்ளைகளுக்குப் போன் போட்டு அழுதார்கள். அதுவரை நொண்டிக்கொண்டிருந்த டவர் படுத்தே விட்டது. கண்டாக்கு ஐயா கத்திப் பார்த்தார். ஒருவரும் மலைக்கு ஏறவில்லை.

கூட்டம் ஆண்டியப்பனைச் சுற்றி வளைத்தது.

"இத்தன வருசம் அட்டைக்கு ரத்தம் குடுத்திருக்கேன்," என்றாள் வேலாயி. "எங்கடா தம்பி என் கணக்கு?"

அவன் டிஸ்க்கை எடுத்து நீட்டினான். "தொலையலக்கா. இதுக்குள்ளதான் இருக்கு. கொழும்புக்கு ஏத்த லைன்தான் இல்ல."

"எல்லாரு கணக்குமா இதுக்குள்ள?"

"எல்லாருதும்."

வேலாயி அதை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். அவளுடைய இடுப்பு வலியும் முழங்கால் வலியும் அந்தச் சோப்புக்கட்டிக்குள் எப்படி அடங்கிற்று என்று அவளுக்குப் புரியவில்லை. அதை ஒரு துணியில் சுற்றிக் கொழுந்துக் கூடைக்குள் வைத்தாள்.

"ஹட்டன் டவுன்ல லைன் இருக்குமா?"

"இருக்கும்."

"அப்பப் பஸ்ஸுல ஏறு. இன்னைக்கு ஒரு நாப் பேரும் கூலியும் போனாப் போகுது."

ஒரு பஸ் நிறையப் பெண்கள் ஏறினார்கள். கூடைக்குள் என்ன என்று கண்டக்டர் கேட்டதற்கு, "எங்க வருசம்," என்றாள் வேலாயி. அவன் கூடைக்கும் சேர்த்து டிக்கட் கிழித்தான்.

ஹட்டனில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு இன்டர்நெட் கடை. பெண்கள் உள்ளே புகுந்து சுற்றி நின்றுகொண்டார்கள். போட்டோக்கொப்பி எடுக்க வந்தவர்களைக்கூட வாசலோடு திருப்பி அனுப்பினார்கள். கடைக்காரர் முதலில் திட்டினார், பிறகு கெஞ்சினார், கடைசியில் அவரும் எழுந்து வந்து திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். சாயங்காலம், கதவு சாத்துவதற்குச் சற்று முன்னால், முழுவதும் ஏறியாயிற்று என்று திரையில் எழுத்து வந்தது.

அதற்குக் கீழே இன்னொரு கேள்வி இருந்தது. இதன் பிரதியை யார் யாருக்கு அனுப்ப வேண்டும்? வந்த சந்தோசத்தில் ஆண்டியப்பனுக்குப் பட்டியலில் துரையின் பேர் அகப்படவில்லை. 'அனைவருக்கும்' என்பதை அழுத்திவிட்டான். ஆபீஸ் முகவரிப் பட்டியலில் இருந்த தொழிற்சங்கங்கள், தொழில் திணைக்களம் என்று எல்லோருக்கும் கணக்கு முழுவதும் போய்ச் சேர்ந்தது. அழுத்திய பிறகுதான் அதைக் கவனித்தான். நல்ல சேதிதானே, நாலு பேருக்குத் தெரிந்தால் என்ன குறைந்துவிடும் என்று மனதைத் தேற்றிக்கொண்டான்.

வேலாயி அவனுக்கு வடையும் தேத்தண்ணியும் வாங்கிக் கொடுத்தாள். திரும்பி வரும் வழியெல்லாம் பஸ்ஸில் பாட்டு. வீட்டில் சண்முகவடிவு கடைசிச் சட்டியையும் கட்டி முடித்துவிட்டு, மூட்டை மேலேயே உட்கார்ந்திருந்தாள்.

திங்கட்கிழமை, கொழும்புக்குப் போயிருந்த துரை வந்து இறங்கியதுமே அவனைக் கூப்பிட்டார். ஆண்டியப்பன் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனான்.

"நாளையில இருந்து நீ வேலைக்கு வர வேணாம்," என்றார் துரை.

"டொங்கல் விசயமாங்க தொர? அது என்னன்னா, சந்தனம்..."

"வெளிய போடா!"

தூறலில் வந்து நின்றான். என்ன தவறு செய்தோம் என்று எவ்வளவு யோசித்தும் தெரியவில்லை. கட்டிய மூட்டைகளைப் பிரிக்கும்படி பெண்டாட்டியிடம் எந்த முகத்தோடு சொல்வது என்பது அதைவிடப் பெரிய கேள்வியாக இருந்தது. ஜீப்பைத் துடைத்துக்கொண்டிருந்த டிரைவர் செல்லசாமியிடம் போனான்.

"நீங்களே சொல்லுங்கண்ணே. சொன்ன நேரத்துக்கு எல்லாத்தையும் ஏத்திக் குடுத்தேன். ஒரு ஆளு பேருகூடக் கொறயல. பொறவு ஏன் தொர இப்பிடிக் கொதிக்கிறாரு?"

செல்லசாமி அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, கையிலிருந்த துணியைப் பிழிந்தார்.

"கொழும்புல இருந்து வார வழி பூரா கம்பெனிப் பெரியவர்கிட்ட போன்ல பேசித் தலையில அடிச்சுக்கிட்டு வந்தாருடா தம்பி. 'கணக்கத் தொலைக்கிறதுக்குன்னே தோட்டம் பூராத் தேடி ஒருத்தனப் புடிச்சுப் போட்டேன் சார், அந்த மடையன் அதக்கூட ஒழுங்காச் செய்யல'ன்னு."