பார்க்கு ஏலத்துக்கு மூன்று நிபந்தனை

பார்க்கைக் காப்பாற்றியே தீருவது என்று அர்த்தநாரி சபதம் எடுத்த அன்று, அவர் மச்சினன் செத்து நாற்பது நாள் ஆகியிருந்தது.

மச்சினன் பதினோரு வருஷம் குப்பண்ணன் கடைச் சாராயத்தைக் குடித்தான். கடைசியில் சாராயம் அவனைக் குடித்தது. வயது முப்பத்திரண்டு. கண் மஞ்சளாகி, வயிறு பானையாக வீங்கி, சொந்த அக்காள் பூவாத்தாளையே யாரென்று தெரியாமல் போய்ச் சேர்ந்தான். அவன் பெண்டாட்டி நாச்சம்மாளும் இரண்டு பெண் குழந்தைகளும் இப்போது அர்த்தநாரி வீட்டில். அந்தச் சாவைப் பற்றி வீட்டில் யாரும் வாய் திறப்பதில்லை. அர்த்தநாரி திறக்காததற்கு மட்டும் தனிக் காரணம் இருந்தது. மச்சினனை முதன்முதலில் அந்தக் கடைக்குக் கூட்டிப் போனவர் அவர்தான். அவர் ஒரு கிளாசோடு எழுந்து வந்துவிட்டார். அவன் எழுந்திருக்கவே இல்லை.

அர்த்தநாரி ஆலங்கொல்லை பார்க்கின் செயலாளர். சம்பளமில்லாத பதவி, அதனால் போட்டியும் இல்லை. பாலக்காட்டுக்குக் கிழக்கே, கோயமுத்தூர் எல்லையை ஒட்டிய அந்தச் சின்ன ஊருக்கு ஒரு வெள்ளைக்காரத் துரை ஆசைப்பட்டுப் போட்டுக் கொடுத்த பார்க்கு அது. நாலு பெஞ்சு, ஒரு பாட்டு மேடை, திறப்பு விழா அன்று மட்டும் தண்ணீர் பீய்ச்சிய ஊற்று. இப்போது நெல் விலை படுத்துவிட்ட காலம். தோட்டக்காரனுக்குக் கூலி தர நகரசபையில் காசு இல்லை. தை முடிவதற்குள் பார்க்கு தன் சோற்றைத் தானே சம்பாதிக்க வேண்டும், இல்லாவிட்டால் மர வியாபாரிக்கு விற்கப்படும் என்று தீர்மானம் போட்டார்கள். மரம் நிற்கிற இடத்தில் மரம் அறுப்பார்கள்.

அர்த்தநாரி முதலில் உள்ளே வர காலணா கட்டணம் போட்டார். சனங்கள் வேலியைத் தாண்டி வந்தார்கள். வாசல் வழியாக ஒழுங்காக வந்தவை ஆடுகள். அவற்றிடம் காலணா இல்லை. பிறகு சனிக்கிழமை சாயங்காலம் பாண்டு வாத்தியம் வைத்தார். வாசிக்க ஆறு பேர் வந்தார்கள், கேட்க அவர் ஒருவர் வந்தார். கூலி கேட்டபோது ஆறு பேரும் ஒரே சுருதியில் கேட்டார்கள்.

மூன்றாவது யோசனையைக் கொண்டுவந்தவன் குப்பண்ணன். "குத்தகைக்கு உடுங்க. பாட்டு மேடையில கடை போட்டுக்கறேன். வருசப் பணம் நாளைக்கே தாறேன்" என்றான்.

அன்று மத்தியானம் சாப்பிட உட்கார்ந்ததும் அர்த்தநாரி விஷயத்தைப் போட்டு உடைத்தார். பெண்டாட்டி பூவாத்தாள் சட்டியைத் தூக்கி எறிவாள் என்று எதிர்பார்த்துக் கொஞ்சம் தள்ளியே உட்கார்ந்திருந்தார்.

"ஏனுங்க, குப்பண்ணனுக்கா குடுக்கறீங்கோ?"

"குடுக்கறதாவது! ஏலம் புள்ள, ஏலம். ஆரு வேணும்னாலும் கேக்கலாம். அவனாட்டம் ஆரு கேப்பா, அதுதான் சங்கதி."

பூவாத்தாள் மோர் ஊற்றினாள். எதுவும் பறந்து வரவில்லை. அப்போதே அவர் பயந்திருக்க வேண்டும். மோர் நன்றாக இருந்தது.

"நெபந்தனையெல்லாம் நீங்கதான் எழுதறீங்களாமா?"

"பின்னே? சேர்மன் மேனோனுக்குத் தமிழ் எழுத வருமா?"

"எனக்கென்னுங்க தெரியும். ஆனா மொத்தமாக் காசு வாங்குனா நகரசபைக்காரங்க ஒரே மாசத்துல தின்னுபோட்டு ஏப்பம் உட்டுருவாங்க. மறுக்காவும் பார்க்கு பட்டினி. வாரா வாரம் கட்டோணும்னு எழுதிப்போட்டா, வருசம் பூராச் செடிக்குத் தண்ணி வருமல்லங்க?"

தானும் அதையேதான் யோசித்துக்கொண்டிருந்ததாக அர்த்தநாரிக்கு அந்த நிமிஷம் தோன்றிவிட்டது. "எழுதியாச்சு!" என்றார்.

மறுநாள் மத்தியானம் இரண்டாவது மோர்.

"நாளைக்கு ஊரு குத்தஞ்சொல்லப்படாதல்லங்க. ஏலம் கேக்கறவங்க ஊருச்சனம் இருவது பேரைக் கூட்டியாந்து, பார்க்கு எங்களுக்கு இன்னதுக்கு வேணும்னு சேர்மன் முன்னால சொல்ல வைக்கோணும்னு போடுங்க."

அர்த்தநாரி விழுந்து விழுந்து சிரித்தார். "குப்பண்ணனுக்கு இருவது பேரா பஞ்சம்? கடையில எந்நேரமும் நாப்பது பேரு உளுந்து கெடப்பானுக!"

"அதானுங்க, அவருக்குச் சுளுவுதானே?"

மூன்றாம் நாள், நாள் குறிக்கிற பேச்சு வந்தது.

"வெய்யில்ல சேர்மன் பாவமுங்க. காத்தால ஏழு மணிக்கே வெச்சுப்போடுங்க. இருவது பேரும் அந்நேரத்துக்கே இருக்கோணும்னு சேத்தி எழுதுங்க."

எழுதினார். சபையில் வாசித்தார். "கொள்ளாம் அர்த்தநாரி, கொள்ளாம்!" என்று சேர்மன் முதுகில் தட்டினார். வீட்டுக்கு வந்து, "எல்லாம் இந்த மண்டையில உதிச்சது" என்று பூவாத்தாளிடமே சொன்னார். "ஆமாங்க" என்றாள்.

ஏலத்தன்று காலை ஏழு மணி. சேர்மன் கையில் கடிகாரத்தோடு பாட்டு மேடையில் இருந்தார். குப்பண்ணன் சலவை வேட்டியில் பணப்பையோடு வந்தான். அவன் கூட்டி வந்த ஊருச்சனம் இரண்டு பேர். ஒருவன் வறண்ட ஊற்றின் மேல் சாய்ந்து தூங்கிப்போனான். மற்றவன் சேர்மனைப் பார்த்துக் கும்பிட்டு, "கடை தொறந்தாச்சுங்களா?" என்று கேட்டான்.

"இருபது பேர் எவிடே, குப்பண்ணா?"

"ஒம்பது மணிக்கு எந்திரிச்சிருவானுகங்க. கொஞ்சம் பொறுங்க சாமி."

"ஏழு மணின்னல்லே எழுதியிருக்கு?"

அப்போது வாசலில் பெண்கள் வந்தார்கள். முன்னால் நாச்சம்மாள். அவளுக்குப் பின்னால் முப்பது பேருக்கு மேல். ஒவ்வொரு முகமும் அர்த்தநாரிக்குத் தெரியும். குப்பண்ணன் கடையில் கிடப்பவர்களின் பெண்டாட்டிகள். கிடந்து செத்தவர்களின் பெண்டாட்டிகள். வெள்ளைச் சீலைகளை எண்ண ஆரம்பித்தார். பதினொன்றில் நிறுத்திக்கொண்டார்.

"நிங்களுக்கு எதுக்கு பார்க்கு?" என்று கேட்டார் சேர்மன்.

நாச்சம்மாள் தலை நிமிராமல் சொன்னாள். "வெசாளக்கெழமை காய்கறிச் சந்தை போடறமுங்க. தரை வாடகை நாங்களே வசூல் பண்ணிக் கட்டிருவோம். புல்லு அறுத்து எருமைக்குப் போடுவோம், அதுக்கும் கட்டுவோம். மத்த நாள்ல மேடையில உக்காந்து ராட்டை சுத்துவோம். எங்ககிட்ட மொத்தமாக் காசு ஏதுங்க? வாரா வாரம்னா ஆகும்."

"வேறே?"

"குடிச்சுப்போட்டு வந்து அடிக்கறப்ப, புள்ளைங்களை இழுத்துக்கிட்டு ஓடியாந்து உக்கார ஒரு எடம் வேணுமுங்க."

சேர்மன் கடிகாரத்தைச் சட்டைப் பையில் போட்டார்.

"மதி, போதும். உறப்பிச்சு, பார்க்கு இவங்களுக்குத்தான். நிபந்தனை எல்லாம் நம்ம அர்த்தநாரி எழுதினது. இந்தப் பெண்ணுங்களை மனசில் வச்சே எழுதியிருக்கான். நல்ல மனுஷன்!"

குப்பண்ணன் பார்த்த பார்வையில் நல்ல மனுஷன் சேர்மனின் முதுகுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டார்.

வீட்டுக்கு வந்து அடுப்படி வாசலில் நின்றார். "என் கையாலேயே எழுத வெச்சுப்போட்டயே! ஒரு வார்த்தை சொல்லியிருக்கப்படாதா?"

பூவாத்தாள் கத்திரிக்காய் அரிந்துகொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"எந்தம்பியக் கடைக்குக் கூட்டிக்கிட்டுப் போனன்னிக்கு நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

பதினோரு வருஷமாக அவளுக்குத் தெரியாது என்று நினைத்திருந்தார். அப்படியே தரையில் உட்கார்ந்தார். அவள் ஒரு சொம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். திட்டவில்லை. மன்னிக்கவும் இல்லை. மறுபடி போய் அரிய ஆரம்பித்தாள்.

முதல் சந்தை கூடிய வியாழக்கிழமை, என்ன இருந்தாலும் செயலாளர் அல்லவா என்று சீக்கிரமே குளித்துவிட்டுப் போனார். சுருக்கமாகப் பேசுவதற்கு இருபது நிமிஷப் பேச்சு ஒன்று கையில் இருந்தது. வெண்டைக்காய்க் கூடைகளுக்கு நடுவிலிருந்து நாச்சம்மாள் எழுந்து வந்தாள்.

"வாங்கண்ணா. உங்களுக்குத்தான் மேக்கால ஓரமா எடம் ஒதுக்கிப்போடச் சொல்லி பூவாத்தா நங்கையா சொல்லியுட்டாங்க."

அர்த்தநாரி நெஞ்சை நிமிர்த்தினார். "நாற்காலி போட்டிருக்குதா அம்மிணி?"

"இல்லீங்கண்ணா, கூடை வெச்சிருக்குது. எருமை கட்டற எடம், சாணி அள்ளோணும்."