நூத்திருபது மாமா சீல் வைத்த டிவி

யார் வீட்டு டிவியையும் தன் வீட்டு டிவியாக நினைக்கக்கூடிய ஒரே மனிதர் இந்த உலகத்தில் எங்கள் நூத்திருபது மாமாதான். கல்கத்தா சால்ட் லேக்கில் எங்கள் பழைய குடியிருப்பில் பதினாறு வீடுகள். பதினாறு டிவியின் முதுகையும் அவர் பார்த்திருக்கிறார்.

திரையில் படம் நொடிக்கு எத்தனை தடவை புதுப்பிக்கப்படுகிறது என்று ஒரு கணக்கு உண்டாம். எங்கள் டிவிகளெல்லாம் அறுபது. அவர் வாங்கிய பெரிய டிவியின் அட்டைப்பெட்டியில் நூற்றிருபது என்று போட்டிருந்தது. அன்றிலிருந்து அறுபது என்பது அவருக்குக் கெட்ட வார்த்தை.

"என்னப்பா, உங்காத்துல இன்னும் அறுபதுதானா?" என்று, யாருக்கோ சுகர் ஏறிவிட்டதுபோல விசாரிப்பார். அதுவும் நான் பாங்கிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும் நேரம் பார்த்து.

கிடர்பூர் துறைமுகத்தில் முப்பது வருஷம் சுங்க அதிகாரியாக இருந்தவர். "பெட்டி மேல எழுதியிருக்கறதை நம்பவே கூடாது. பிரிச்சுப் பாக்கணும்" என்பது அவர் வேதம். பிரித்துப் பார்த்து, சரியென்றால் காகிதச் சீல் ஒட்டிக் கையெழுத்துப் போடுவார். அதற்கப்புறம் பிரம்மாவே வந்தாலும் அந்தப் பெட்டியைத் திறக்கக் கூடாது.

துர்கா பூஜை முடிந்து கீழ்வீட்டு கோஷ்தா இனிப்பு சாப்பிடக் கூப்பிட்டார். மாமா சந்தேஷை வாயில் போட்டுக்கொண்டு நேரே டிவிக்குப் பின்னால் போய் ஒயரை உருவினார். சீரியலில் மருமகள் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்த நேரம்.

"ஓ மோஷாய், கீ கொர்ச்சேன்!" என்ன பண்றீங்க என்று கோஷ்தாவின் மனைவி வங்காளியில் அலறினாள்.

"பௌதி, அறுபதுல பாக்கற உண்மை உண்மையே இல்லை" என்று, அண்ணி என்பதை மட்டும் வங்காளியில் சொல்லி, மாமா மீதியைத் தமிழிலேயே சமாதானமாகச் சொன்னார். கோஷ்தா என்னைத்தான் முறைத்தார். மாமாவுக்காக இந்தக் குடியிருப்பில் நான் கேட்டிருக்கும் மன்னிப்புக்கு அளவே இல்லை.

இத்தனைக்கும் காரணம் மாமி. கல்கத்தாவில் பிறந்து வளர்ந்த மாமிக்கு ஃபுட்பால் பைத்தியம். மைதானத்துக்கே போய்த் தொண்டை கட்டக் கத்தியவள், முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு வீட்டோடு முடங்கிவிட்டாள். டிவியில் பார்க்கலாமென்றால், கேமரா பந்தோடு ஓடும்போது படம் விட்டு விட்டு இழுக்கும். மாமிக்குத் தலை சுற்றிவிடும். கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கூச்சல் கேட்டால், "கோலா? யார் போட்டா?" என்பாள். அதைத்தான் மாமாவால் தாங்க முடியவில்லை.

மாட்சை நூற்றிருபதில் காட்ட, கம்ப்யூட்டரை டிவியோடு இணைத்தார். அறுபதுதான் வந்தது. கேபிளை மாற்றினார். அப்போதும் அறுபது. நடுவிலிருந்த சவுண்ட் பெட்டிதான் நூற்றிருபதை உள்ளே விடாமல் தடுக்கிறது என்று மூன்று மாதம் கழித்துக் கண்டுபிடித்தார். "திருடனை நடுக் கூடத்துலயே வெச்சிண்டிருந்திருக்கேன்!" என்றார். ஒவ்வொரு தடவையும் டிவியைத் தூக்கிப் பிடித்தவன் நான். என் இடுப்பு இன்னும் சரியாகவில்லை.

ஒரு சனிக்கிழமை நூற்றிருபது வந்தேவிட்டது. டிவிக்குச் சீல் ஒட்டிக் கையெழுத்துப் போட்டார். சாயங்காலம் மாட்சுக்குப் பதினாறு வீட்டுக்கும் அழைப்பு. ஆட்டம் தொடங்கிப் பத்தாவது நிமிஷம் மாமி கண்ணை மூடிக்கொண்டாள். மாமா டிவியைப் பார்க்கவில்லை, மாமியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "போகப் போகப் பழகிடும்" என்றார், யாரும் கேட்காமலே.

மறுவாரம் மாமா பால் வாங்கப் போன சமயம் மேலே அவர் வீட்டுக்குப் போனேன். மாட்ச் நொடிக்கு ஐம்பது படமாகத்தான் வருகிறது என்று படித்திருந்தேன். நூற்றிருபதை ஐம்பதால் வகுத்தால் மீதி நிற்கும். சில படத்தை இரண்டு தடவையும் சிலதை மூன்று தடவையும் காட்டவேண்டி வரும், அதுதான் இழுப்பு. நூறு என்றால் எல்லாப் படமும் சரியாக இரண்டு தடவை. ஆயுசு பூராவும் பெட்டி மேல் எழுதியதை நம்பாத மனிதர், சொந்த டிவியின் பெட்டியை மட்டும் நம்பிவிட்டார். சீலைத் தொடாமல், மௌஸைத் தட்டி நூறுக்கு மாற்றினேன். மாமி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அடுத்த மாட்சில் மாமி கண்ணை மூடவே இல்லை. "போடுடா!" என்று முழங்காலை மறந்து எழுந்து நின்றுவிட்டாள்.

"பாத்தியா, நூத்திருபதோட மகிமையை!" என்றார் மாமா.

மாமி என்னை ஒரு பார்வை பார்த்தாள். "ஆமாம், எல்லாம் உங்க நூத்திருபதுதான்."

சீல் வைத்ததை அவர் மறுபடி சோதிக்கமாட்டார். ஆனால் அந்தக் கம்ப்யூட்டர் மாதம் ஒரு தடவை தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டு பெரும்பாலும் நூற்றிருபதுக்கே திரும்பிவிடுகிறது. உடனே மாமியிடமிருந்து போன்: "மறுபடியும் சுத்தறதுப்பா." லிஃப்ட் இல்லாத மூன்று மாடியைத் திட்டிக்கொண்டே ஏறுகிறேன். மாமா காபி போட உள்ளே போகிறார், நான் நூறுக்கு மாற்றுகிறேன். டம்ளரை நீட்டி, "உங்காத்துல இன்னும் அறுபதுதானா?" என்று வருத்தப்படுகிறார். அலுத்துவிட்டது எனக்கு.

சில மாதங்களில் அது மாறுவதில்லை, மாமியும் போன் பண்ணுவதில்லை. என்ன சாக்கு சொல்லி மேலே போவது என்று அப்போதெல்லாம் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.