அரை அத்தியாயம்

பனங்கிழங்கு மூன்று அத்தியாயம் வேக வேண்டும் என்று எழுதியிருந்தது. மூன்றாம் அத்தியாயத்தின் நடுவிலேயே தண்ணீர் வற்றி, பானையின் அடி கருகி, சமையலறை முழுக்கப் புகை சூழ்ந்துவிட்டது. எஸ்றா எழுந்து அடுப்பை அணைக்கவில்லை. இன்னும் அரை அத்தியாயம் பாக்கி இருந்தது.

அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. தூத்துக்குடி துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்சியில் முப்பத்து நான்கு வருடம் டாலி கிளார்க்காக இருந்தவர். ஏறுகிற மூட்டையைக் காகிதத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து டிக் அடிப்பது வேலை. கண்ணும் மூக்கும் என்ன சொன்னாலும் காகிதத்தில் இருப்பதுதான் சரக்கு என்பது அந்த வேலையின் முதல் பாடம். ஒருமுறை மிளகாய் நெடி தாங்காமல் தும்மிக்கொண்டே, காகிதத்தில் இருந்தபடி ‘மல்லி’ என்று டிக் அடித்தவர் அவர்.

இப்போது அவர் கையில் இருந்த காகிதம் அவர் மனைவி கிருபாபாய் எழுதிய சமையல் குறிப்பு. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்த கடைசி மாதங்களில், கப்பல் கம்பெனி கொடுத்த பழைய டைரி ஒன்றில் அவருக்காக எழுதிவைத்துவிட்டுப் போனாள். சர்க்கரையால் கண் மங்கியிருந்ததால் பக்கத்துக்கு நாலே வரி, பெரிய பெரிய எழுத்து. மழைக்கு முருங்கைக்கீரை, தைக்குப் பனங்கிழங்கு, சித்திரைக்கு மாங்காய் என்று அந்தந்தப் பருவத்துக்கு அந்தந்தச் சமையல். ஆனால் எதற்கும் நிமிடக் கணக்கு இல்லை. எல்லாம் அத்தியாயக் கணக்கு.

கண் மங்கியபின் அவளால் கடிகாரம் பார்க்கவும் முடியவில்லை, புத்தகம் படிக்கவும் முடியவில்லை. மகள் ஈவாஞ்சலின்தான் போனில் ஒலிப்புத்தகம் ஒன்றைப் போட்டுக் கொடுத்தாள். ஒரு பெரிய குடும்பம் பாகம் பிரிக்கும் கதை, நாற்பத்தெட்டு அத்தியாயம். அது முடிந்ததும் கிருபாபாய் மறுபடி முதலிலிருந்து அதையே கேட்டாள். ஐந்து வருடம் அதைக் கேட்டுக்கொண்டுதான் சமைத்தாள். எஸ்றா அப்போது ஒரு வரிகூடக் கேட்டதில்லை. அவர் வேலைக்குப் போனபின் அது தொடங்கும். மத்தியானச் சாப்பாட்டுக்கு அவர் வரும்போது போன் அணைந்திருக்கும்.

அவள் போனபின், அவளுடைய போன் பேரப்பிள்ளையின் கைக்குப் போய்விட்டது. மகள் அதே கதையை அப்பாவின் போனில் ஏற்றிக் கொடுத்தாள்.

கதை வாசித்தவர் அவசரம் என்பதே அறியாத மனிதர். ஒரு வாக்கியத்தை முடித்துவிட்டு அடுத்ததற்கு வருமுன் ஒரு மௌனம் விடுவார். அந்த இடைவெளியில் குழம்பு கொதிக்கும் சத்தம் கேட்கும். தெருவில் உப்பு லாரி ஒன்று போகும். பிறகுதான் மறு வாக்கியம். முதல் நாள் கேட்டபோதே எஸ்றாவுக்கு அந்த மௌனம் பழகியதாகப் பட்டது. அவரும் அப்படிப்பட்ட ஆள்தான். காப்பி வேணுமா என்று கிருபாபாய் கேட்டால், அவள் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்த பிறகுதான் பதில் வரும். தன் மௌனத்தோடு முப்பத்தாறு வருடம் குடியிருந்தவள், தான் இல்லாத நேரத்திலும் அதே மௌனத்தைத் தேடிக் கேட்டிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார். அந்த வருடம் அவருக்குக் கிடைத்த ஆறுதல் அது ஒன்றுதான்.

ஆறுதல் கிடைத்தது, சாப்பாடுதான் கிடைக்கவில்லை. ஐப்பசி மழைக்கு முருங்கைக்கீரை கால் அத்தியாயத்தில் கறுத்துப்போனது. ரசம் வற்றிப் புளிக்காய்ச்சலானது. தன் கைதான் சரியில்லை என்று எஸ்றா எல்லாவற்றுக்கும் இரண்டு மடங்கு தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். சோறு கஞ்சியாயிற்று, கஞ்சிக்கு டைரியில் குறிப்பு இல்லை. பனங்கிழங்குப் பானை கருகியதும் அடுப்பின் மேல் சந்தேகம் வந்தது. மெக்கானிக்கைக் கூட்டிவந்து தீயைக் குறைத்து வைக்கச் சொன்னார். அவன் நிறையவே குறைத்துவிட்டான். இரண்டு நாள் கழித்து, கடல்காற்று ஜன்னல் வழியாக வந்து அந்தப் பொட்டுத் தீயை அணைத்துவிட்டுப் போனது. எஸ்றா கதையில் மூழ்கியிருந்தார். கேஸ் நாற்றம் தெருவரைக்கும் போயிற்று.

அடுத்த வீட்டு மகாராஜன் படகுக் கயிறு விற்கிற கடை வைத்திருப்பவர். மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவந்து, சிலிண்டரை மூடி, கதவையெல்லாம் திறந்துவிட்டு நாற்காலியில் இருந்தவரை உலுக்கினார்.

“அண்ணாச்சி, உசுரோட இருக்கீயளா?”

எஸ்றா அவரைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். “இருக்கேன்” என்றார்.

“அத ஒடனே சொல்லப்பிடாதா? எனக்குல்லா உசுரு போயிட்டு வருது.”

அன்று சாயங்காலமே மகாராஜன் கோயம்புத்தூருக்குப் போன் போட்டு மகளிடம் சொல்லிவிட்டார்.

எஸ்றா அடுப்பைப் பழையபடி மாற்றிவிட்டு வேறு வழி யோசித்தார். காகிதம் தப்பாக இருக்காது. அப்படியானால் தான் எடுத்த அத்தியாயம்தான் தப்பாக இருக்க வேண்டும். கிருபாபாய் எந்த அத்தியாயத்தை வைத்து அளந்தாளோ? நாற்பத்தெட்டையும் ஆராய்ந்ததில் பதினேழாவதுதான் ஆகச் சிறியது என்று கண்டார். அன்று முதல் எதைச் சமைத்தாலும் பதினேழாம் அத்தியாயம்.

அதில்தான் மூத்த அண்ணன் சாகிறார்.

தினமும் காலை பதினோரு மணிக்கு அண்ணன் செத்தார். புளிக்குழம்புக்கும் செத்தார், அவியலுக்கும் செத்தார். பாதி அத்தியாயம்தான் தேவை என்றாலும் எஸ்றாவால் நடுவில் எழுந்து அடுப்பை அணைக்க முடியவில்லை. சாவு வீட்டுக்குப் போனால் எடுக்கும்முன் எழுந்து வரக்கூடாது என்பது சின்ன வயதிலிருந்தே அவருக்குள் ஊறிப்போன வழக்கம். ஆகவே பிரேதம் வெளியே போகிறவரைக்கும் நாற்காலியிலேயே இருந்தார். குழம்பு தீய்ந்தது. தீய்ந்ததைச் சாப்பிடும்போது, அண்ணனுக்காகவா வேறு யாருக்காகவா என்று தெரியாமல், அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது.

மதில் வழியே இதைப் பார்த்த மகாராஜன், யார் போய்ச் சேர்ந்தது என்று விசாரித்தார். எஸ்றா எங்கிருந்து தொடங்குவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோதே மகாராஜனுக்குக் கடைக்கு நேரமாகிவிட்டது. அன்றும் கோயம்புத்தூருக்குப் போன் போயிற்று. அப்பா தினமும் பதினோரு மணிக்கு ஒரு சாவுக்கு அழுகிறார், யார் என்று கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறார்.

ஈவாஞ்சலின் உடனே அப்பாவைக் கூப்பிட்டாள். தனியாக இருந்தது போதும், வீட்டைப் பூட்டிவிட்டுத் தன்னோடு வந்துவிட வேண்டும் என்றாள். ஒன்பதாவது மாடியில் அவருக்கென்று ஓர் அறை இருக்கிறது. சமைக்க ஆள் வருகிறது. அடுப்படிப் பக்கமே போக வேண்டியதில்லை.

அடுப்படிப் பக்கமே போகாத நாள் எப்படி இருக்கும் என்று எஸ்றா எண்ணிப் பார்த்தார். காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை, அந்தக் குரலும் கொதிக்கிற சத்தமுமாக இருக்கும் இரண்டு மணி நேரம்தான் கிருபாபாய் இன்னும் வீட்டில் இருக்கிற நேரம். மீதிப் பொழுதெல்லாம் அவள் செத்துப்போயிருந்தாள்.

“அப்பா? லைன்ல இருக்கீங்களா?”

“அம்மா நினைவு நாளுக்கு நீ வா” என்றார் எஸ்றா. “அம்மா வச்ச கொழம்ப வச்சுத் தாரேன். அதே மாதிரி இருந்தா நான் இங்கன இருந்துக்கிடுதேன். இல்லன்னா அன்னைக்கே வீட்டப் பூட்டிட்டு ஒங்கூட வந்துருதேன்.”

அப்பா இவ்வளவு நீளமாகப் பேசி ஈவாஞ்சலின் கேட்டதேயில்லை. திகைப்பிலேயே சம்மதித்துவிட்டாள்.

நினைவு நாள் சித்திரைக் கடைசியில் வந்தது. மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகளெல்லாம் கரையில் கட்டிக் கிடந்தன. டைரியில் அந்தப் பக்கத்துக்கும் நாலே வரி: ‘தடைக்காலம். நெத்திலிக் கருவாடு, மாங்காய். கருவாடு போட்டபிறகு அரை அத்தியாயம். கிண்டக் கூடாது.’

பதினேழாம் அத்தியாயத்தை எஸ்றா அன்று தொடவில்லை. நினைவு நாளில் இன்னொரு சாவு வேண்டாம் என்று பட்டது. காலை எட்டு மணிக்கே வழக்கமான அத்தியாயம் ஒன்றை வைத்து, கிண்டாமல், சரியாகப் பாதியில் இறக்கினார். மாங்காய்த்தோல் மட்டும் மேலே மிதந்தது. கருவாடு போட்டதற்கு வாசனை ஒன்றே சாட்சி. பின்வாசலில் முருங்கைமரத்து மூட்டில் அதை ஊற்றினார். பூனை ஒன்று வந்து முகர்ந்துவிட்டு, அவரை ஒருமுறை பார்த்துவிட்டுப் போயிற்று.

வீட்டில் இருந்த நெத்திலி தீர்ந்துவிட்டது. மகள் பன்னிரண்டரைக்கு வருகிறாள். அப்போதுதான் பின்பக்கச் சந்தில் கருவாட்டுக்காரி முத்துக்கனியின் குரல் கேட்டது.

முத்துக்கனி திரேஸ்புரத்திலிருந்து கூடையோடு வருகிறவள். பன்னிரண்டு வருடமாக இந்த வீட்டுப் பின்வாசல் படியில் உட்கார்ந்து, கிருபாபாயோடு பேசிக்கொண்டே நெத்திலிக்குத் தலை கிள்ளிக் கொடுத்துவிட்டுப் போவாள். கிருபாபாய் போனபிறகும் மூன்று நான்கு தடவை வந்தாள். கேட் திறக்கும் சத்தம் கேட்டதும் எஸ்றா போனை அணைத்துவிடுவார். ஓர் ஆண்பிள்ளை அடுப்படியில் உட்கார்ந்து கதை கேட்பதை வெளியாள் பார்ப்பது அவருக்கு வெட்கமாக இருந்தது. கருவாட்டை வாங்கிக்கொண்டு பேச்சில்லாமல் கதவைச் சாத்திவிடுவார்.

அன்று அணைக்க முடியவில்லை. முழங்கைவரை புளி. போன் உப்பு ஜாடியின் மேல் இருந்து தன்பாட்டுக்கு வாசித்துக்கொண்டிருந்தது.

“அக்கா நாளா இன்னைக்கு?” என்று கேட்டபடி முத்துக்கனி படியில் உட்கார்ந்து, கேட்காமலே தலை கிள்ளத் தொடங்கினாள். எஸ்றா தலையாட்டியபோது பாதிக் கருவாடு கிள்ளியாகிவிட்டது.

கொஞ்ச நேரம் போனுக்குக் காது கொடுத்தாள்.

“இது அக்கா கேக்குத கததான?”

“ம்.”

“வாசிக்கது வேற ஆளோ?”

“அதே ஆளுதான்.”

செவுளைத் தூக்கிப் பார்த்து, இது இன்றைக்குப் பிடித்த மீன் இல்லை என்று கண்டவளைப்போல முத்துக்கனி போனை ஒரு பார்வை பார்த்தாள். கருவாட்டை வெந்நீரில் அலசிக் கொடுத்தாள்.

மாங்காய் வெந்ததும் எஸ்றா கருவாட்டைப் போட்டுவிட்டு, புது அத்தியாயம் ஒன்றைத் தொடங்கி, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். கதையில் தம்பிகள் இருவரும் கிணற்றைப் பிரிப்பது பற்றி யோசித்துக்கொண்டிருந்தார்கள். வாசிக்கிறவர் அவர்களுக்கு யோசிக்க நிறைய நேரம் கொடுத்தார்.

முத்துக்கனி எழுந்து உள்ளே வந்து அடுப்பை அணைத்தாள்.

எஸ்றா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். “அரை அத்தியாயம் ஆகலயே” என்றார். அவர் வாழ்க்கையில் இவ்வளவு விரைவாக வாய் திறந்தது அதுதான் முதல் தடவை.

“ஆயிட்டு அண்ணாச்சி.”

“ஆகல. தம்பிமாரு இன்னும் கெணத்துப் பக்கமே போகல.”

“அவனுவ மெதுவா போயிட்டு வரட்டும். நீங்க சட்டிய எறக்குங்க.”

டைரியைத் திறந்து அந்த வரியைக் காட்டினார். தனக்குப் படிக்கத் தெரியாது என்று சொல்லிவிட்டு, முத்துக்கனி கரண்டியோடு அடுப்பை மறித்து நின்றாள். அவர் அடுப்பின் திருகைப் பிடிக்கப் போன நேரத்தில் முன்வாசல் கேட் சத்தம் போட்டது. ஈவாஞ்சலின் வந்துவிட்டாள். கையில் ஒரு காலிப் பெட்டி, அப்பாவின் துணிமணிக்கு.

பாதி வெந்த குழம்பைத்தான் மகளுக்குப் பரிமாறுகிறோம் என்று எஸ்றா உறுதியாக நம்பினார். மனதுக்குள் வீட்டைப் பூட்டத் தொடங்கினார். முதலில் பின்வாசல், பிறகு ஜன்னல்கள், கடைசியாக சமையலறை.

ஈவாஞ்சலின் சோற்றைப் பிசைந்து ஒரு வாய் வைத்தாள். நெத்திலி முழுசு முழுசாகத் தட்டில் கிடந்தது. மாங்காய் உடையாமல், தொட்டால் வழுக்குகிற பதத்தில் இருந்தது. இரண்டாவது வாய்க்குக் கை பாதியில் நின்றுவிட்டது. அந்த வீட்டில் பிறந்தவள்தானே; வெகு நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு குனிந்தபடியே, “அம்மா வச்சதுதாம்ப்பா இது” என்றாள். இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொண்டாள். பெட்டியைக் காலால் மேசைக்கு அடியில் தள்ளிவிட்டு, “சரி, நீங்க இங்கனயே இருங்க” என்றாள்.

எஸ்றா பின்வாசலுக்கு வந்தார். வெயில் தகித்தது. முத்துக்கனி சும்மாட்டை மடித்து வைத்துக்கொண்டு கூடையைத் தூக்கத் தயாராக இருந்தாள். உள்ளே போன் இன்னும் அணையவில்லை. அந்த மனிதர் ஒரு வாக்கியத்தை முடித்துவிட்டு நிறுத்தியிருந்தார். அந்த மௌனத்தை எஸ்றா இங்கே நின்றே கேட்டார். கிருபாபாய் நேசித்த மௌனம். காகிதம் எங்கே பிசகியது என்பதுதான் விளங்கவில்லை.

வெகு நேரம் நின்றுவிட்டுக் கேட்டார்: “அரை அத்தியாயம் ஆயிட்டுன்னு ஒனக்கு எப்படித் தெரிஞ்சுது?”

இன்னும் ஏதாவது கேட்பாரோ என்று முத்துக்கனி கொஞ்சம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு சொன்னாள்:

“அக்கா அதுல ரெண்டுன்னு ஒரு பொத்தான அமுக்கி, அந்த மனுசன ரெட்ட வேகத்துல ஓடவிட்டுல்லா அண்ணாச்சி கேப்பாவ, ‘எங்க வீட்டு ஆளுக்கும் இப்படி ஒரு பொத்தான் இருந்திருந்தா, முப்பத்தாறு வருசத்துல நாங்களும் எம்புட்டோ பேசியிருக்கலாம் முத்துக்கனி’ன்னு தெனமும் சொல்லுவாவளே.”